அவள் ஊற்றிய பிளேட்

அவள் வேலையில் சேர்ந்த வாரமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கண்ணாடித் துண்டுதான்.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். மைசூரில் மருந்துகளைப் பரிசோதிக்கும் அரசாங்கக் கூடம் ஒன்றில் நான் கெமிஸ்ட். ஆண்கள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான் பெண். யார் வந்தாலும் சீஃப் என்னைக் காட்டி, "நம்ம லேடி கெமிஸ்ட்" என்று கன்னடத்தில் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையைத் தலைப்பின்னலில் பூ மாதிரி வைத்துக்கொண்டு நான் நடமாடிக்கொண்டிருந்தேன். அவள் வந்ததும் லேடி கெமிஸ்ட் இருவராகிவிட்டோம். பொறுக்குமா எனக்கு?

அது மட்டும் என்றால் பொறுத்துப் போயிருப்பேன். அந்த வருஷம்தான் எங்கள் கூடத்துக்குப் புது முறை ஒன்று வந்திருந்தது. ஒரு மருந்திலோ மூலிகையிலோ என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க அதுவரை காகிதத்தைத்தான் நம்பியிருந்தோம். இன்று தொங்கவிட்டால் நாளைக்குத்தான் விடை. புது முறையில் காகிதத்துக்குப் பதில் கண்ணாடி. சிலிக்கா ஜெல் என்ற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துக் கண்ணாடிப் பிளேட்டில் மெல்லிசாகப் பூசி உலர்த்த வேண்டும். கீழ் ஓரத்தில் மருந்துக் கரைசலை ஊசி போன்ற குழாயால் தொட்டு ஒரு பொட்டு வைத்து, அடியில் கொஞ்சம் திரவம் ஊற்றிய கண்ணாடித் தொட்டிக்குள் நிறுத்த வேண்டும். திரவம் பூச்சில் மெல்ல மெல்ல மேலே ஏறும். பொட்டில் உள்ள சரக்கையும் கூடவே இழுத்துப் போகும். ஒவ்வொரு சரக்கும் தனக்கென்று ஓர் உயரத்தில் நின்றுவிடும். பிளேட்டை எடுத்து ஸ்பிரே அடித்தால் நின்ற இடத்தில் நிறம் தெரியும். காபி குடித்துவிட்டு வருவதற்குள் விடை தயார்.

ஆனால் பூச்சு சமமாக இருக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் திரவம் கோணிக்கொண்டு ஏறும், பொட்டுகள் இழுபட்டு வால் முளைக்கும். கூழில் கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்திருப்பதால் கரைத்த சில நிமிஷத்தில் இறுகத் தொடங்கிவிடும். கை தாமதித்தால் கட்டி, அவசரப்பட்டால் குமிழி. தினமும் வீட்டில் தோசை ஊற்றுகிறவள் நான். அப்படியும் என் பிளேட்டுகள் காய்ந்ததும் வெடித்து, ஓரம் உரிந்து, பார்க்கச் சகிக்காது. எம்.எஸ்ஸி. படித்தவளுக்குக் கூழ் பூச வரவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

அவள் கொள்ளேகால் பக்கத்துக்காரி. வெறும் பி.எஸ்ஸி. வந்த மூன்றாம் நாள், ஒரு கண்ணாடிக் கம்பியின் இரண்டு முனையிலும் பிளாஸ்திரி சுற்றி, கூழைப் பிளேட்டில் ஊற்றி, கம்பியை வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். அவ்வளவுதான். காய்ந்து ஓவனிலிருந்து வெளியே வந்த பிளேட்டில் ஒரு கீறல் கிடையாது, ஒரு கட்டி கிடையாது. சீஃப் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நோடம்மா, பார்த்தாயா, இப்படி இருக்கணும்" என்றார்.

"எப்படிடி இழுத்தே?" என்று கேட்டேன்.

"சும்மாதானுங்கக்கா இழுத்தேன்," என்றாள்.

சும்மாவாம். நான் அந்தக் கம்பியையே வாங்கி, அதே கூழை, அதே மாதிரி இழுத்தேன். பாதி பிளேட் வழுக்கை, பாதி பிளேட் களிமண். அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கழுவி வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

வீட்டில் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு என் கணவருக்குக் காது புளித்துவிட்டது. "ஏண்டி, ஆத்துக்கு வந்தா நித்யம் அந்தப் பொண்ணு புராணம்தானா? நீ சொல்றதைப் பார்த்தா நேக்கே அவளை ஒரு தரம் பார்க்கணும் போலிருக்கு," என்றார். அன்று அவருக்குச் சாத்தமுதில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன்.

தசரா வந்தது. மைசூரில் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் ஆபீஸாகச் சாமான்களுக்குப் பொட்டு வைப்பார்கள். பஸ்ஸுக்கும் தராசுக்கும் தட்டச்சு யந்திரத்துக்கும் ஒரே மரியாதை. எங்கள் கூடத்திலும் ஓவன், தராசு, கண்ணாடித் தொட்டி, மருந்து அரைக்கும் கல்வம் எல்லாவற்றையும் துடைத்து மேஜையில் அடுக்கினோம். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து செவ்வந்தி மாலை நான்தான் வாங்கி வந்தேன். பேரம் பேசி, ஈரத் துணியில் சுற்றி, நெரிசலில் கசங்காமல் கொண்டுவந்தேன். அவள் ஊரிலிருந்து ஒரு கூடை காட்டுப் பூ கொண்டுவந்திருந்தாள். "எங்க மலைச் சாமிக்கு வெக்கிற பூவுங்க," என்று சொல்லி, வெள்ளைப் பூக்களைக் கருங்கல் கல்வத்துக்குள் நிறைத்து, மேலே குழவியைச் சாய்த்து, குங்குமம் வைத்தாள். சீஃப் கற்பூரம் காட்டிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். என் மாலை அவர் கண்ணில் படவில்லை. "கல்வம் எத்தனை லட்சணமா இருக்கு," என்றார்.

என்ன பூ என்றுகூட நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பெருமாளுக்குத் துளசி போதும். அந்தக் கூடையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு எந்த வேலை தொடங்கினாலும் விருத்தியாகும் என்பதால் லீவு நாளானாலும் நல்ல நேரத்தில் வந்து ஒரு வேலையைத் தொட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்த வாரம் வந்திருந்த போலீஸ் சாம்பிள் ஒன்றைத் தொடச் சொல்லி சீஃப் அவளிடம் கொடுத்தார். என்னிடம் கொடுத்திருக்கலாம். அவள் பூவை எடுத்துவிட்டு, துணியால் கல்வத்தைத் துடைத்து, பொடியைப் போட்டு அரைத்தாள். கழுவவில்லை. பூஜைப் பொட்டைக் கழுவி அழிக்கிற வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. அதுவாக அழியட்டும் என்று விட்டுவிடுவோம்.

சாம்பிள் மாதேஸ்வரன் மலையிலிருந்து வந்தது. கோபிநத்தம் என்ற தமிழ்க் கிராமத்துக்காரி ஒருத்தி மலையில் பெட்டிக்கடை போட்டு, கால்வலிக்கென்று சுக்கும் ஓமமும் சர்க்கரையும் இடித்த பொடி விற்றுக்கொண்டிருந்தாள். அதை வாங்கித் தின்ற யாத்திரிகன் ஒருவன் கொஞ்ச நேரத்தில் உளறிப் பிதற்றி விழுந்துவிட்டான். விழித்தபோது அவன் பையைக் காணோம். பொடியில் ஊமத்தை கலந்து மயக்கிப் பையை அடித்துவிட்டாள் என்று அவளைப் பிடித்துக் கொள்ளேகாலில் அடைத்துவிட்டார்கள். ஊமத்தை உண்டா இல்லையா என்று நாங்கள் சொல்ல வேண்டும். உண்டு என்றால் அவள் ஜெயிலுக்குப் போவாள். இல்லை என்றால் வீட்டுக்குப் போவாள்.

இரண்டு நாளில் கூடத்தில் அவள் பிளேட் தயார். இடது பக்கம் ஊமத்தையின் விஷச் சத்தை மட்டும் வைத்த பொட்டு. வலது பக்கம் பொடியின் பொட்டு. ஸ்பிரே அடித்ததும் இரண்டும் ஒரே உயரத்தில் ஆரஞ்சு நிறத்தில் எழுந்து நின்றன. ஊமத்தை உண்டு. பார்க்க அத்தனை சுத்தமான பிளேட்.

அன்று மத்தியானம் வாசலில் புங்கை மரத்தடியில் ஒருத்தி நின்றிருந்தாள். கடைக்காரியின் தங்கை. இடுப்பில் அக்காவின் குழந்தை. கன்னடம் வராமல் காவல்காரரிடம் தவித்துக்கொண்டிருந்தாள். தமிழ் காதில் விழுந்ததும் நான் வெளியே போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பேச்சு அவளுக்கு அந்நியமாக இருந்தது போலும். என் பின்னாலேயே வந்த இன்னொரு லேடி கெமிஸ்ட் "எந்த ஊருங்க?" என்று கேட்டதுதான் தாமதம், தங்கைக்காரி ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, நீங்க நம்ம பக்கத்துப் பொண்ணாட்ட இருக்கறீங்க. எங்கக்கா அப்படிப்பட்டவ இல்லீங்க. அந்தப் பொடியத்தான் இந்தக் கொழந்தைக்கும் வகுறு வலிச்சா குடுப்பாளுங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா."

"நாங்க ஒண்ணும் பேசக்கூடாதுங்க. நீங்க போங்க, பஸ்ஸு போயிரும்," என்றாள் அவள். சொல்லும்போது முகம் வெளுத்துவிட்டது. பிளேட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும், நானும் தமிழ்தானே பேசுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி தலைக்குமேல் கத்தி தொங்கும்போது எனக்கு அந்த நினைப்பு.

எந்தச் சோதனையையும் இன்னொருவர் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் சீஃப் கையெழுத்துப் போடுவார். திரும்பச் செய்யும் வேலை எனக்கு வந்தது. அவள் அரைத்து வைத்திருந்த தூளையே எடுத்துக்கொள் என்றார் சீஃப். அவள் அரைத்ததை நான் ஏன் தொட வேண்டும்? முத்திரை வைத்த பொட்டலத்தைச் சீஃப் எதிரிலேயே பிரித்து, மிச்சம் இருந்த பொடியில் ஒரு சிட்டிகை எடுத்தேன். அரைக்கவும் இல்லை. ஏற்கனவே மாவாக இருக்கிறதே என்று நேராக ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, என்னுடைய பிளேட்டில் பொட்டு வைத்தேன்.

ஸ்பிரே அடித்தேன். ஊமத்தைச் சத்து ஆரஞ்சாக வந்தது. பொடியின் பக்கம் ஒன்றுமே வரவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிளேட்டை ஏந்திக்கொண்டு சீஃப் அறைக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நடுவில் ஒரு விரிசல், வலது பக்கம் பூச்சு மெலிந்து கண்ணாடியே தெரிந்தது. "இது ஒரு பிளேட்டா அம்மா? இதில் எது வரும், எது வராது என்று யார் சொல்வது? அந்தப் பெண்ணைப் பூசித் தரச் சொல்லி இன்னொரு தரம் பண்ணு. திங்கட்கிழமை போலீஸ்காரர் வந்துவிடுவார்," என்றார்.

பாத்ரூமில் போய் அழுதேன். கடைக்காரிக்காக அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்காகத்தான் அழுதேன். உண்மையே என் பக்கம் வந்தாலும் என் பிளேட்டைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள் என்ற ஆத்திரம்.

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து யோசித்தேன். ஒரே பொடி. அவள் செய்தால் வருகிறது, நான் செய்தால் வரவில்லை. அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பிளேட்டை விட்டுத் தள்ளு. அவள் அரைத்தாள், நான் அரைக்கவில்லை. மேஜை ஓரத்தில் கல்வம் இருந்தது. விளிம்பில் குங்குமம் இன்னும் அழியாமல் இருந்தது.

காபிக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கல்வத்தில் போட்டு அரைத்தேன். அலமாரியைத் திறந்து அவள் ஊற்றி வைத்திருந்த பிளேட்டுகளில் ஆக நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்தேன். கேட்கவில்லை. இந்தத் தரம் பிளேட்டைக் குறை சொல்லட்டும், பார்க்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். இடது பக்கம் ஊமத்தைச் சத்து. நடுவில் அரைக்காத பொடி. வலது பக்கம் கல்வத்தில் அரைத்த வெறும் சர்க்கரை. தொட்டியில் நிறுத்திவிட்டு, திரவம் ஏறுகிறதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பிளேட்டில் அது கோடு போட்ட மாதிரி நேராக ஏறியது. அந்த அவசரத்திலும் அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

ஸ்பிரே அடித்தேன். இடது பக்கம் ஆரஞ்சு. நடுவில் வெள்ளை. வலது பக்கம், வெறும் சர்க்கரையில், கொஞ்சம் மங்கலாக ஆனால் அதே உயரத்தில், ஆரஞ்சு.

விஷம் பொடியில் இல்லை, கல்வத்தில் இருக்கிறது. கல்வத்துக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. கல்வத்தில் அரைத்தவள் அவள், அது போதும். நேராகச் சீஃபிடம் போகாமல் முதலில் அவளிடம் போனேன். அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

"இது வெறும் சக்கரை. உன் கல்வத்துல அரைச்சேன்," என்று பிளேட்டை அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பிளேட்டைப் பார்த்தாள். கல்வத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஊமத்தம்பூக்கா," என்றாள்.

"என்னது?"

"அன்னைக்கு நான் வெச்சது. எங்க மாதேஸ்வரனுக்கு அதத்தான் வெப்போம். குழவிய மேல சாச்சேன். ராத்திரி பூராவும் நசுங்கிக் கெடந்துச்சு."

கற்பூரம் காட்டும்போது அந்தப் பூவுக்கு எதிரில் கெமிஸ்டுகள் அத்தனை பேரும் கைகூப்பி நின்றிருந்தோம். விதையாகப் பொட்டலத்தில் வந்திருந்தால் எவராவது உடனே அடையாளம் கண்டிருப்பார். சாமி பூவாக வந்ததால் எவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு யோசிக்க அவகாசமே கொடுக்காமல் அவள் பிளேட்டை எடுத்துக்கொண்டு சீஃப் அறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். நான் சொல்ல வேண்டிய வார்த்தையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பூவை வைத்தது நான், கழுவாமல் அரைத்தது நான், அக்கா கண்டுபிடிக்காவிட்டால் ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன், எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி என்று கன்னடத்தில் தெளிவாக, அழாமல் சொன்னாள். சீஃப் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "நான்தானே கற்பூரம் காட்டினேன். தப்பை மறைக்காமல் வந்து சொன்னாயே, அது பெரிய குணம்," என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பி, "ஒள்ளேதாய்த்தம்மா," என்றார். நல்லதாயிற்று என்று அர்த்தம். எனக்கு அவ்வளவுதான்.

கல்வத்தை ஒதுக்கிவைத்து, புதுப் பாத்திரத்தில் சோதனையை ஆரம்பத்திலிருந்து நாங்கள் இருவரும் தனித்தனியாகச் செய்தோம். பொடியில் சுக்கு, ஓமம், சர்க்கரை தவிர வேறொன்றும் இல்லை. திங்கட்கிழமை வந்த போலீஸ்காரர் அந்த முடிவைத்தான் எடுத்துப் போனார். பிறகு தெரிந்தது, அந்த யாத்திரிகன் பட்டினியோடு வெயிலில் மலையேறி ஜன்னி கண்டு விழுந்தவன். பையை அவனோடு வந்தவனே பத்திரமாக வேறு பஸ்ஸில் கொண்டுபோயிருந்தான்.

சர்க்கரையை வைத்துப் பார்த்த அந்தப் பிளேட்டைச் சீஃப் கண்ணாடி அலமாரியில் வைத்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கதை சொல்லிக் காட்டுவார். வருகிறவர்கள் கதையைக் கேட்டுவிட்டு, "பிளேட் எவ்வளவு சமமா இருக்கு, யார் பூசினது?" என்று கேட்பார்கள். கேட்காத ஆள் கிடையாது.

தீபாவளிக்கு முன்னால் கடைக்காரியும் தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரி என்னைவிடச் சின்னவள். ஜெயிலில் இருந்த நாட்களில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தங்கை கை காட்ட, நேராக அவளிடம் போய்க் காலில் விழப் போனாள். என் பக்கம் யாரும் பார்க்கவில்லை. இதுவும் அவளுக்கா என்று எனக்குப் பொங்கியது. அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

அவள் சட்டென்று பின்வாங்கினாள். "என்னயக் கும்புடாதீங்க. உங்கள உள்ள தள்ளப் பாத்தவ நானு. காப்பாத்துனது இந்த அக்காதான்," என்று கடைக்காரியின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பிவிட்டாள்.

கடைக்காரி என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். என் விரல்கள் நனைந்தன. ஆசைப்பட்டது கடைசியில் என் கைக்கு வந்துவிட்டது. அதையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாரும் இருக்குதுன்னு சொல்லறப்போ உங்களுக்கு மட்டும் எப்படித் தாயி சந்தேகம் வந்துச்சு?" என்று கடைக்காரி கேட்டாள்.

நான் குழந்தையின் பக்கம் திரும்பி அதன் கன்னத்தைத் தட்டினேன்.

"அக்காவுக்கு என்னய மொத நாள்ல இருந்தே ஆகாதுங்க," என்றாள் அவள். "நான் என்ன செஞ்சாலும் அதுல ஒரு கொற இருக்கோணும்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. அதுதான் உங்களக் காப்பாத்துச்சு."

குத்தலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா தங்கை இருவரும் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைக்காரி மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து என் கையில் வைத்தாள். அதே சுக்குப் பொடி.

அவர்களை பஸ் ஏற்றிவிட அவள் கூடப் போனாள். நான் உள்ளே வந்து, யாரும் பார்க்காத நேரத்தில், அவளுடைய கண்ணாடிக் கம்பியை எடுத்து ஒரு பிளேட் இழுத்துப் பார்த்தேன். நடுவில் கட்டி.